பாபின்ஸ்கி உண்மையில் செய்தது என்ன? பிளான்டார் சோதனை பற்றிச் சில சந்தேகங்கள்

வார்டு_நோட்டு:

வணக்கம். வைவாவுக்காக (வாய்மொழித் தேர்வு) நரம்பியல் பகுதியைத் திருப்பிப் பார்க்கையில் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் பாபின்ஸ்கி விஷயத்தில் சில இடங்கள் தெளிவாகவில்லை. உள்ளங்காலைக் கீறிக் கட்டைவிரல் மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்க்கும் பிளான்டார் சோதனையோடு சேர்ந்திருப்பது இவர் பெயர்தான். தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

உள்ளங்காலைத் தூண்டினால் கட்டைவிரல் மேலே போவதை ஜெர்மன் நரம்பியல் மருத்துவர் எர்ன்ஸ்ட் ரேமாக் 1893லேயே எழுதிவிட்டார் என்கிறார்கள். பாபின்ஸ்கியின் குறிப்பு 1896ல்தான் வருகிறது. அப்புறம் ஏன் இவர் பெயர் நின்றது?

அடுத்தது செய்முறை. ஒருவர் குதிகாலில் தொடங்கிச் சுண்டுவிரல் அடியில் நிறுத்தச் சொல்கிறார், இன்னொருவர் உள்பக்கமாக வளைக்கச் சொல்கிறார். எவ்வளவு அழுத்தம், எவ்வளவு வேகம் என்று யாரும் சொல்வதில்லை. காலை மொத்தமாக இழுத்துக்கொள்கிற நோயாளியிடம் எதை நம்பி கேஸ் ஷீட்டில் விரல் மேலே போனதற்கான மேல்நோக்கிய அம்பு போடுவது?

கடைசியாக, இந்த ஒரு ரிஃப்ளெக்ஸ் தவிர அவர் விட்டுப்போனது என்ன?

பித்தியே_வாசகர்:

முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். விரல் மேலே போவதை யார் முதலில் பார்த்தார் என்று தேடினால் ரேமாக்குக்கு முன்பும் ஆட்கள் கிடைப்பார்கள். பார்த்தது வேறு, அதை வைத்து ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது வேறு. பாபின்ஸ்கி செய்தது இரண்டாவது. அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது தெரிந்தால் மற்றதெல்லாம் புரியும்.

ஜோசஃப் பாபின்ஸ்கி 1857 நவம்பர் 17ல் பாரிஸில் பிறந்தார். பெற்றோர் போலந்திலிருந்து வந்து குடியேறியவர்கள், அப்பா இன்ஜினியர். 1885ல் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் பற்றி ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கினார். பிறகு பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் அந்தக் காலத்தின் பெரிய நரம்பியல் மருத்துவர் ஷார்கோவிடம் சேர்ந்தார். 1887ல் அந்த்ரே புருய்யே வரைந்த பெரிய ஓவியத்தில் ஷார்கோ பாடம் நடத்த, மயங்கிச் சாயும் பெண்ணைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிப்பவர் இவர்தான். அந்தப் பெண் பிளாஞ்ச் விட்மன், ஹிஸ்டீரியா நோயாளி, அதாவது உறுப்பில் கோளாறு தெரியாமலே நரம்பு நோய் போன்ற அறிகுறிகள் வருபவர். அந்த வார்டில் நிஜப் பக்கவாதமும் ஹிஸ்டீரியா பக்கவாதமும் கலந்து கிடந்தன. ஸ்கேன் கிடையாது. நோயாளி சொல்வதையும் கண்ணால் பார்ப்பதையும் வைத்து, இவருக்கு மூளையில் கோளாறா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டும்.

1892ல் பேராசிரியர் ஆவதற்கான அக்ரெகாஸியோன் தேர்வில் இவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்வுக் குழுத் தலைவர் ஷார்ல் பூஷார், ஷார்கோவுக்கு எதிரணி. அடுத்த வருடம் ஷார்கோவும் இறந்துவிட்டார். பாபின்ஸ்கி மறுபடி அந்தத் தேர்வுக்குப் போகவேயில்லை, அதனால் பேராசிரியர் ஆகவில்லை. 1895ல் பித்தியே மருத்துவமனையில் ஒரு பிரிவுக்குத் தலைவரானார். கல்லூரிப் பதவிக்கான ஓட்டம் இல்லாததால் முழு நேரமும் நோயாளியைச் சோதிப்பதில் போனது. நோயாளி சொல்லும் கதையைவிட, அவர் வேண்டுமென்றே வரவழைக்கவோ அடக்கவோ முடியாத அறிகுறிகளைத்தான் நம்பினார்.

1896 பிப்ரவரி 22ல் சொஸியெத்தே து பியோலொஜியில் (உயிரியல் சங்கம்) படித்த குறிப்பு வெறும் 28 வரி. சாரம் இது: ஒரு பக்கம் செயலிழந்தவரின் உள்ளங்காலைக் குத்தினால் இரண்டு பக்கமும் தொடை, முழங்கால், பாதம் மடங்கும். நல்ல பக்கத்தில் விரல்களும் கீழே மடங்கும், பாதித்த பக்கத்தில் விரல்கள் மேலே நிமிரும். தலைப்பிலேயே மைய நரம்பு மண்டலத்தின் உறுப்புக் கோளாறுகளில் என்று எழுதியிருந்தார். 1898ல் வந்த நீண்ட கட்டுரையில்தான் கட்டைவிரலுக்கு முக்கியத்துவம் வருகிறது, ஹிஸ்டீரியா பக்கவாதத்தில் இது வராது என்பதும், பச்சைக் குழந்தைகளில் இது இயல்பு என்பதும் நிலைபெறுகின்றன. விரல்கள் விசிறியாக விரிவதை 1903ல் தனியாகச் சேர்த்தார். ரேமாக் ஒரு தண்டுவட நோயாளியிடம் கண்டதைப் பதிவு செய்ததோடு விட்டுவிட்டார். பெயர் யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வைவாவில் 'முதலில் கண்டவர்' என்று சொல்லாதீர்கள். 'மைய நரம்புக் கோளாறின் அடையாளமாக நிறுவியவர்' என்று சொல்லுங்கள்.

சாவி_நுனி:

செய்முறைக்கு வருகிறேன். வளைப்பதா வேண்டாமா என்பதைவிட எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதே முக்கியம்.

மல்லாக்கப் படுக்க வைத்து முழங்காலை நீட்டச் சொல்லுங்கள். முழங்கால் மடங்கியிருந்தால் எதிர்வினை மங்கும். பாதம் ஜில்லென்று இருந்தால் கொஞ்ச நேரம் போர்த்தி வையுங்கள். தொடுவதற்கு முன் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பாருங்கள், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கட்டைவிரலைத் தூக்கும் தசையான எக்ஸ்டென்சர் ஹாலுசிஸ் லாங்கஸ் வேலை செய்யாத காலில் விரல் மேலே போக வழியே இல்லை. அந்தத் தசைக்குப் போகும் ஃபைபுலார் நரம்பு அடிபட்டவர், தொழுநோயில் பாதம் தொங்கிப்போனவர், இடுப்புப் பகுதியின் ஐந்தாம் லம்பார் நரம்பு வேர் நசுங்கியவர், இவர்களிடம் தண்டுவடத்தில் கோளாறே இருந்தாலும் விரல் அசையாது. கட்டைவிரல் மூட்டு இறுகிப்போனவருக்கும் அதே கதை.

கருவி எதுவும் சரி, முனை மழுங்கியிருக்க வேண்டும்: சாவி, சுத்தியலின் கைப்பிடி நுனி, மரக்குச்சி. நாக்கை அழுத்திப் பார்க்கும் மரப்பட்டையை (டங் டிப்ரஸர்) ஒடித்துக் கீறுகிற பழக்கம் வேண்டாம், சிலாம்பு குத்தும். சர்க்கரை நோயில் மரத்துப்போன பாதத்தில் தோல் கிழிந்தால் அவருக்குத் தெரியாது, பிறகு புண்ணாகும். ஒருவருக்குப் பயன்படுத்தியதைத் துடைக்காமல் அடுத்தவருக்குக் கொண்டுபோகக் கூடாது.

என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லிவிட்டு, குதிகாலின் வெளி ஓரத்தில் தொடங்குங்கள். பாதத்தின் வெளி விளிம்பை ஒட்டியே மேலேறி, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள மேட்டை அடைந்ததும் உள்பக்கம் வளைத்து, கட்டைவிரல் அடிக்கு முன்பே நிறுத்துங்கள். மொத்தம் 5, 6 விநாடி. வெளி ஓரம் ஏன் என்றால் அது முதல் சேக்ரல் நரம்பு வேரின் பகுதி, எதிர்வினை அங்கேதான் எளிதாகக் கிடைக்கும். பாதத்தின் நடுக்குழியில் கீறினால் கூச்சத்தில் காலை இழுப்பார். கட்டைவிரல் அடிமேட்டைத் தொட்டால் விரல்கள் பற்றுவது போலக் கீழே மடங்கி, மேலே போகவேண்டியதை மறைத்துவிடும். வளைக்காமல் நிறுத்தச் சொன்னவரும் வளைக்கச் சொன்னவரும் தவறில்லை. முதலில் வெளி ஓரத்தோடு நிறுத்திப் பாருங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அடுத்த தடவை வளையுங்கள்.

அழுத்தம் லேசில் தொடங்கிக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். எடுத்த எடுப்பில் அழுத்தினால் வலியில் இழுப்பார், பிறகு நீங்கள் தொடப் போனாலே இழுப்பார்.

பார்க்க வேண்டியது கட்டைவிரலின் முதல் அசைவு. அதுவும் விரல் பாதத்தோடு சேரும் மூட்டில் நடக்கும் அசைவு. கண்ணை விரல் நுனியில் வைக்காதீர்கள், பாதத்தின் மேற்புறத்தில் வையுங்கள். அங்கே கட்டைவிரலை நோக்கி ஓடும் தசைநாண் தோலுக்கடியில் கயிறு போல எழும்பும். எழும்பினால் தசை வேலை செய்கிறது. கணுக்கால் மட்டும் மேலே வந்து அந்த நாண் எழும்பவில்லையென்றால் விரல் போனது போலத் தெரிவது பாதத்தோடு சேர்ந்த அசைவு. மற்ற விரல்கள் விரிந்தாலும் விரியாவிட்டாலும் முடிவு மாறாது.

இரண்டு மூன்று முறை செய்து ஒரே பதில் வந்தால் எழுதுங்கள். 'பாபின்ஸ்கி நெகட்டிவ்' என்று எழுதாதீர்கள். விரல் கீழே மடங்கினால் 'ஃப்ளெக்சர்', மேலே போனால் 'எக்ஸ்டென்சர்', இரண்டும் இல்லையென்றால் 'பதில் இல்லை', குழப்பமென்றால் 'தெளிவில்லை'. இந்த நான்கும் வெவ்வேறு தகவல்.

வார்டு_நோட்டு:

மிக்க நன்றி சார். தசைநாணைப் பார்க்கச் சொன்னது பெரிய உதவி. இழுத்துக்கொள்பவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? தண்டுவட அடி பட்ட புதிதில் விரல் அசையவே இல்லையென்றால் எப்படி எடுத்துக்கொள்வது?

மதுரை_பிசியோ:

இழுப்பது இரண்டு வகை. கூச்சத்திலோ வலியிலோ இழுப்பது வேகமாக இருக்கும், தடவைக்குத் தடவை மாறும், நோயாளி முகம் சுளிப்பார். நிஜ எக்ஸ்டென்சர் பெரும்பாலும் நிதானமாக எழும், ஒவ்வொரு தடவையும் அதே வரிசையில் வரும், கூடவே தொடையின் வெளிப்பக்கத் தசையும் பின்தொடைத் தசையும் இறுகும். கீறும்போது இன்னொருவரைத் தொடையில் கைவைக்கச் சொன்னால் அது தெரியும்.

காரணம் இது. கட்டைவிரலைத் தூக்கும் தசைக்கு உடற்கூறியலில் எக்ஸ்டென்சர் என்று பெயர் இருந்தாலும், அது காலை மொத்தமாகச் சுருக்கிக்கொள்ளும் கூட்டு அசைவில் ஒரு பங்காளி. குழந்தைக்கு அந்தக் கூட்டு முழுமையாக இருக்கிறது. மூளையிலிருந்து இறங்கும் கார்டிகோஸ்பைனல் பாதை முதிர்ந்ததும் கட்டைவிரல் அதிலிருந்து பிரிந்து, உள்ளங்காலைத் தொட்டால் கீழே மடங்கப் பழகிவிடுகிறது. அந்தப் பாதை கெட்டால் விரல் பழைய கூட்டுக்கே திரும்பிப்போகிறது. அதனால்தான் நடக்கத் தொடங்காத குழந்தையிடம் எக்ஸ்டென்சர் வந்தால் பயப்படத் தேவையில்லை, ஒரு பக்கம் மட்டும் வந்தால் கவனிக்க வேண்டும்.

கூச்சம் அதிகமானவரிடம் உள்ளங்காலைத் தொடாமலே பார்க்கலாம். எனக்கு மிகவும் உதவுவது சாடக் முறை: வெளிக் கணுக்கால் மொழிக்குக் கீழே தொடங்கி, பாதத்தின் வெளிப்பக்கமாகச் சுண்டுவிரல் நோக்கிக் கீற வேண்டும். அமெரிக்காவில் சாடக் 1911ல் சொன்னார், ஜப்பானில் யோஷிமுரா அதற்கு முன் 1906லேயே எழுதியிருந்தார். செருப்பில்லாமல் வயலில் நடந்து உள்ளங்கால் காய்த்துப்போனவர்களுக்கும் இதுதான் சரிப்படும். முன்னங்கால் எலும்பின் உள்ஓரத்தை விரல் முட்டிகளால் மேலிருந்து கீழே அழுத்தித் தேய்ப்பது ஒப்பன்ஹைம் முறை, கெண்டைத் தசையைப் பிசைவது கார்டன், குதிநாணைக் கிள்ளுவது ஷேஃபர். இவை எல்லாம் சேர்ந்து வந்தால் நம்பிக்கை கூடும். ஒன்று மட்டும் வந்து மற்றவை வராவிட்டால் அதை வைத்து எம்ஆர்ஐக்கு ஓட வேண்டாம், மற்ற அறிகுறிகளோடு சேர்த்துப் பாருங்கள்.

தண்டுவடம் அடிபட்ட புதிதில் ஸ்பைனல் ஷாக் இருக்கும். அப்போது கால் துவண்டு கிடக்கும், ரிஃப்ளெக்ஸ் எதுவும் வராது, பிளான்டாரும் பதில் தராமல் இருக்கலாம். எக்ஸ்டென்சர் சில நாளோ வாரங்களோ கழித்து வரலாம். விரல் அசையவில்லை, அதனால் தண்டுவடம் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அது ஆபத்தான தவறு. அதேபோல வலிப்பு வந்து முடிந்த உடனேயும், ரத்தச் சர்க்கரை இறங்கி மயங்கியவரிடமும் தற்காலிகமாக எக்ஸ்டென்சர் வரும். குளுக்கோஸ் பார்க்காமல் ஸ்ட்ரோக் என்று முடிவு கட்டக் கூடாது.

பொய்யாக மேலே போகும் விரலும் உண்டு. போலியோவில் விரலைக் கீழே மடக்கும் தசைகள் செத்துப்போயிருந்தால் எதிர் இழுப்பு இல்லாமல் விரல் மேலேறும். தசைகள் தாமாக முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியாவிலும் பார்க்கின்சன் நோயிலும் தொடாமலே நிமிர்ந்து நிற்கும்.

இந்தச் சோதனை ஒன்றையே தூக்கிப்பிடிப்பதும் சரியில்லை. 2005ல் நியூராலஜி இதழில் வந்த சிறு ஆய்வில், மருத்துவர்கள் பார்த்த பாபின்ஸ்கி முடிவு மேல்நரம்புப் பலவீனத்தோடு (மூளையிலிருந்து இறங்கும் பாதை கெட்டதால் வரும் பலவீனம்) 56 சதவீதம்தான் ஒத்துப்போனது. பாதத்தால் வேகமாகத் தட்டச் சொல்லும் சோதனை 85 சதவீதம் ஒத்துப்போனது. உங்கள் உள்ளங்கையை நோயாளியின் பாதத்தடியில் வைத்து, முடிந்த வேகத்தில் தட்டச் சொல்லி, இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். சுயநினைவோடு ஒத்துழைப்பவரிடம் இதைச் செய்யாமல் விடாதீர்கள். நினைவில்லாதவரிடம் பிளான்டாருக்கு மாற்று இல்லை.

பித்தியே_வாசகர்:

மதுரைக்காரர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பாபின்ஸ்கியே விரல் ஒன்றை மட்டும் நம்பியவர் இல்லை. ஹிஸ்டீரியாவையும் நிஜப் பக்கவாதத்தையும் பிரிக்க அவர் அடுக்கிய சோதனைகளில் இன்றும் படுக்கையருகே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கெட்டியான பரப்பில் மல்லாக்கப் படுக்க வைத்து, கைகளை மார்பில் கட்டி, கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நிஜப் பக்கவாதத்தில் செயலிழந்த பக்கத்துத் தொடை மடங்கிக் குதிகால் தரையை விட்டு எழும்பும், நல்ல கால் கீழேயே இருக்கும். ஹிஸ்டீரியாவில் அப்படிப் பாதித்த கால் தனியாக எழும்பாது. மெத்தை அமுங்கும் கட்டிலில் இது தெரியாது. புதிய ஸ்ட்ரோக்கிலும், முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவரிடமும் இதைச் செய்யவே கூடாது.

சிறுமூளையிலும் அவர் கைவைத்தது பெரியது. கையைத் திருப்பித் திருப்பித் தட்டச் சொல்லி வேகமும் ஒழுங்கும் கெடுகிறதா என்று பார்க்கிறோமே, அந்தக் குறைக்கு அடியடோக்கோகினீசியா என்று பெயர் வைத்து 1902ல் விவரித்தவர் அவர்தான்.

அகழி:

பாபின்ஸ்கியைப் பாராட்டுகிற இழைகளில் இன்னொரு பக்கம் எப்போதும் விடுபடுகிறது, அதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹிஸ்டீரியா அறிகுறி என்பது பேச்சின் தூண்டுதலால் வருவது, பேச்சின் வற்புறுத்தலால் போகக்கூடியது என்று 1901ல் வரையறுத்து, அதற்குப் பித்தியாட்டிசம் என்று பெயரிட்டார். ஷார்கோவின் ஹிஸ்டீரியா கோட்டையை அவருடைய சொந்தச் சீடரே இடித்ததாக இதைப் புகழ்கிறார்கள். கண்டறியும் கருவியாக அது பயன்பட்டது என்பதை மறுக்கவில்லை. 1914ல் போர் வந்ததும் நிலைமை மாறியது. காயமில்லாமல் கை முடங்கிய, முதுகு வளைந்த சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 'வற்புறுத்தினால் போய்விடும்' என்ற வரையறை ராணுவத்தின் கையில் 'வற்புறுத்து, போகும்வரை வற்புறுத்து' என்று ஆனது. பாபின்ஸ்கியின் சீடர் குளோவிஸ் வென்சான் தூர் நகரில் பலமான மின்சாரம் பாய்ச்சிச் சிகிச்சை செய்தார். 1916ல் பாப்திஸ்த் தெஷாம்ப் என்ற சிப்பாய் அதற்கு மறுத்து அவரை அடித்தார். ராணுவ நீதிமன்றம் 6 மாதத் தண்டனை விதித்து அதையும் நிறுத்திவைத்தது. பத்திரிகைகளில் பெரிய விவாதம் நடந்தது.

மின்சாரம் வைத்தவர் பாபின்ஸ்கி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உறுப்பில் கோளாறு இல்லை என்று நிரூபித்த பிறகு நோயாளிக்கு என்ன செய்வது என்ற இடத்தை அவருடைய கோட்பாடு காலியாகவே விட்டது. பிளான்டார் ஃப்ளெக்சர் என்பதால் நோயாளி நடிக்கிறார் என்று ஆகாது. உறுப்புக் கோளாறு இல்லாமல் வரும் ஃபங்ஷனல் பலவீனம் நிஜமான துன்பம், அதற்கு இன்று பிசியோதெரபியும் விளக்கமான பேச்சும் சிகிச்சையாக இருக்கின்றன.

பித்தியே_வாசகர்:

அகழி சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஒரு சிறு திருத்தம். அதே போர்க்காலத்தில் பாபின்ஸ்கியும் ஃப்ரோமான் என்ற மருத்துவரும், காயத்துக்குப் பிறகு கை குளிர்ந்து நீலம் பாய்ந்து தசை மெலிந்து வரும் ஒரு வகையைப் பித்தியாட்டிசத்திலிருந்து பிரித்து, இவை ரிஃப்ளெக்ஸ் கோளாறுகள், வற்புறுத்தினால் போகாது என்று எழுதினார்கள். அப்படிப் பட்டவர்களை நடிகர்கள் என்று தள்ளாமலிருக்க அப்படிப் பிரித்தது உதவியது. பித்தியாட்டிசம் பற்றிய உங்கள் விமர்சனம் அப்படியே நிற்கிறது.

வார்டு_நோட்டு கேட்ட கடைசிக் கேள்விக்கு: வென்சானும் தியெரி து மார்தெலும் பிரான்சில் நரம்பு அறுவை சிகிச்சையைத் தொடங்கிவைத்தார்கள். தண்டுவடக் கட்டி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று வெளியிலிருந்தே பாபின்ஸ்கி கணித்துச் சொன்னதால்தான் கத்தி வைக்க இடம் தெரிந்தது. மூளை ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் காட்டிய எகாஸ் மோனிஸ் இவரிடம் படித்தவர், 1927 ஜூலையில் அதைப் பாரிஸுக்கு எடுத்துவந்து காட்டினார். பாபின்ஸ்கி திருமணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் ஆன்ரியோடு வாழ்ந்தார், இன்ஜினியரான அந்த அண்ணன் அலி பாப் என்ற புனைபெயரில் பிரெஞ்சு சமையல் நூல் எழுதியவர். கடைசிக் காலத்தில் பார்க்கின்சன் நோய். 1932 அக்டோபர் 29ல் இறந்தார்.

சாவி_நுனி:

1914ஐ விட்டுவிட்டீர்களே. என் கணக்கில் விரலுக்கு அடுத்தபடி அதுதான். அந்த வருடம் ஜூனில் சொஸியெத்தே து நெவ்ரொலொஜியில் (நரம்பியல் சங்கம்), இடது பக்கம் செயலிழந்தும் அதை அறியாத இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லி, அனோசோக்னோசியா என்ற பெயரை முன்வைத்தார். புத்தி தெளிவாக இருக்கிறது. வலது கையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறார். இடது கையைத் தூக்கச் சொன்னால் வேறு யாரையோ கேட்டது போல அமைதியாக இருக்கிறார். மூளையின் வலப் பாதிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாமோ என்ற கேள்வியையும் அன்றே எழுப்பினார்.

வார்டில் இதைத் தவறவிடுவதற்குக் காரணம் நாம் கேட்கும் முறை. 'கை வேலை செய்யவில்லையா?' என்று கேட்டால் பதிலை நாமே ஊட்டிவிடுகிறோம். பொதுவில் தொடங்குங்கள்: எதற்காக ஆஸ்பத்திரிக்கு வந்தீர்கள்? பிறகு கை கால் எப்படி இருக்கிறது? அதன்பின் இரண்டு கையையும் தூக்கச் சொல்லிவிட்டு, இரண்டும் தூக்கினீர்களா என்று கேளுங்கள். காட்டிய பிறகும் தூக்கினேன் என்றால் அதை நோயாளியின் வார்த்தையிலேயே எழுதுங்கள். கூட இருப்பவர்களிடம் தனியாகச் சொல்லுங்கள்: இவர் பிடிவாதம் பிடிக்கவில்லை, கால் வராது என்பது இவருக்குத் தெரியாது, கேட்காமல் கட்டிலிலிருந்து இறங்கப் பார்ப்பார். கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றி வைத்து, தண்ணீரையும் அழைப்பு மணியையும் வலது கைப்பக்கம் மாற்றி வையுங்கள். ரவுண்ட்ஸில் நர்ஸிடம் கைமாற்றும்போது இதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.